தொங்கிப் பார்த்து வாங்கிய பட்டை

மார்னி பாஸ்கோ மரம் ஏறும்போது இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் ஹார்னஸைச் சோதனைக்காரர் கத்தரித்துத் துண்டு துண்டாகப் போட்டபோது மார்னி கை தட்டினாள். கை தட்டியதோடு விடவில்லை, லாரியின் பின்பலகை மேல் ஏறி ஓர் ஆட்டமும் போட்டாள். மரம் ஏறுகிறவர்களின் பட்டைகளையும் கயிறுகளையும் அவ்வப்போது வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போகும் அந்த மனிதர், ஹார்னஸ் போச்சே என்று முகம் தொங்கினவர்களைப் பார்த்திருக்கிறார், இன்னும் ஒரு மாதம் விட்டுக்கொடுங்கள் என்று கெஞ்சினவர்களைப் பார்த்திருக்கிறார். ஆடினவளை அன்றுதான் பார்த்தார்.

"தையல் விட்டுப்போச்சும்மா. இதுல இனிமே ஒரு பூனையைக்கூடத் தொங்கவிடக் கூடாது," என்றார்.

"இன்னும் சின்னதா வெட்டுங்க. யாராவது ஒட்டவெச்சு மறுபடி என் கையிலயே குடுத்துடப் போறாங்க."

யாராவது என்று அவள் சொன்னது கிளைவ் ரண்டலை. மரம் வெட்டும் வேலைக்கு எங்கள் டாண்டினாங் மலைப்பக்கத்தில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அவருடையது. மார்னிக்கு முதலாளி. உலர்ந்த பீன்ஸ் காய் மாதிரி நெடுநெடுவென்று இருப்பார். அந்த ஹார்னஸ் அவர் தன் உடம்புக்கென்று வாங்கியது. முழங்கால் மக்கர் பண்ணி அவர் தரையோடு நின்றுவிட்டபோது, "புதுசு மாதிரி இருக்கு, போட்டுக்க," என்று மார்னியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மார்னி குள்ளம். இடுப்பு அகலம். கயிற்றில் பாரத்தைப் போட்டவுடன் இடுப்புப் பட்டை விலா எலும்புக்கு ஏறிக்கொள்ளும். தொடைப் பட்டைகள் இரண்டும் சொல்லக்கூடாத இடத்தில் போய்க் கடிக்கும். அங்கே ஒரு துண்டு, இங்கே ஒரு துண்டு என்று மடித்துச் சொருகிக்கொண்டு அவள் வருடக்கணக்காக மரம் ஏறினாள். காலையில் அணில் மாதிரி ஏறுகிறவள் சாயங்காலம் வாத்து மாதிரி நடந்து போவாள். மளிகைக் கடையில் கல்லாவில் இருந்த பெண், "குதிரை ஓட்டுவீங்களா?" என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவைத்தாள். உண்மையைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டாள்.

ஏனென்றால் மார்னி அதற்கு முன்னால் மொன்பல்க்கில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவள். மலைப்பக்கத்துப் பெண்களில் பாதிப் பேரின் தலை அவள் கைக்குள் இருந்தது. ஒரு வசந்த காலத்துப் புயலில் பின்னாலிருந்த தைல மரம் முறிந்து கடைக் கூரை மேல் படுத்துக்கொண்டது. யாருக்கும் அடி இல்லை. தலையில் சாயம் பூசி உட்கார்ந்திருந்த மிசஸ் குவிக் மட்டும், "மரத்தை அப்புறம் பாத்துக்கலாம், என் தலையை முதல்ல கழுவு," என்று கத்தியதாகச் சொல்வார்கள். மறுநாள் கிளைவ் கயிறும் ரம்பமுமாக வந்து இறங்கினார். அன்றைக்கு ஒரு கை குறைந்தது. மேலங்கியோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மார்னியிடம், "சும்மாதானே நிக்கிற, இந்தக் கயித்தைப் பிடி," என்றார். பிடித்தாள். கயிற்றின் மறுமுனையில் ஒரு பெரிய கிளை, பூ இறங்குவது மாதிரி மெதுவாக இறங்கி வந்தது. அவ்வளவுதான். கூரையைப் பழுது பார்த்து முடிப்பதற்குள் அவள் மனசு அந்தக் கூரைக்குக் கீழே திரும்பிப் போகாத இடத்துக்குப் போய்விட்டது.

தலைகள் மட்டும் அவளை விடவில்லை. மார்னி எந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறாள் என்று விசாரித்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார்கள். அப்போதுதான் அறுத்த அடிமரத்தில் உட்காருவார்கள். மார்னி லாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுப்பாள். மரத்தூளும் மயிரும் ஒன்றாகப் பறக்கும்.

இப்போது புது ஹார்னஸ். மார்னிக்குத் தலைகால் புரியவில்லை.

"நல்லதா ஒண்ணு வாங்கிக்க. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க," என்றார் கிளைவ். "ஹார்னஸ்னா வலிக்கத்தான் செய்யும். வலிக்கலைன்னா அதுக்குப் பேரு நாற்காலி."

"அப்ப எனக்கு நாற்காலிதான் வேணும்."

"நாற்காலியில உக்காந்து மரம் வெட்டுற மூஞ்சியைப் பாரு."

"உங்க எலும்புக்கு வாங்கினதை இத்தனை வருஷம் சுமந்தேன்ல? இனிமே என் சதைக்கு வாங்கிக்கிறேன். நீங்க வாயை மூடுங்க."

முதலாளியிடம் இப்படித்தான் பேசுவாள். அவரும் அவளிடம் அப்படித்தான்.

லில்லிடேலில் டன்பார் சேணக்கடை என்று ஒன்று உண்டு. பெயருக்கேற்றபடி முன்பாதி முழுக்கக் குதிரைச் சமாச்சாரம், சேணம், கடிவாளம், வாருக்குப் போடும் எண்ணெய். பின்பாதி மரமேறிகளுக்கு. குதிரைகள் குறைந்துபோனபோது கடைக்காரர் ஹாமிஷ் டன்பார் மரத்துக்கு மாறிக்கொண்டார். இரண்டுக்கும் நடுவே கூரையில் பெரிய உத்திரம். அதில் ஒரு கயிறு. வாங்க வருகிறவர்கள் ஹார்னஸை மாட்டித் தொங்கிப் பார்க்கலாம்.

வேலை இல்லாத ஒரு காலையில் மார்னி அங்கே போய் நின்றாள். உள்ளே தோல் வாசனை ஆளைத் தூக்கியது. ஹாமிஷ் ஒரு பழைய சேணத்தின் வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தொடும் வயது, நல்ல உயரம், தடித்த கண்ணாடி. மார்னி முதலில் பார்த்தது அவர் தலையைத்தான். யாரோ கைவிட்டுவிட்ட தோட்டம் மாதிரி, காதை மூடி, சட்டைக் காலரையும் மூடி வளர்ந்து கிடந்தது. அவள் விரல்கள் தானாகக் கத்தரி பிடிக்கிற மாதிரி அசைந்தன.

"ஹார்னஸ் வேணும். உக்காந்தா வசதியா இருக்கணும்," என்றாள்.

ஹாமிஷ் ஊசியை வைத்துவிட்டு அவளைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "பழசு எங்க உரசுச்சு?"

காட்டக்கூடிய இடங்களைக் காட்டினாள். மற்றதைக் கையை வீசிச் சொன்னாள்.

"ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா? வேலை முடிஞ்சதும் வேர்வை எந்த இடத்துல அதிகமா நனைஞ்சிருக்கும்? தோல் உரிஞ்சிருக்கா? முடி கொட்டியிருக்கா?"

"முடியா?"

ஹாமிஷுக்குக் காது சிவந்தது. காது தெரியவில்லை, கழுத்து சிவந்ததை வைத்து மார்னி ஊகித்தாள். "மன்னிக்கணும். குதிரைக்குக் கேக்குற கேள்வி. பழக்கதோஷத்துல வந்துடுச்சு."

மார்னி அங்கே அடுக்கியிருந்த கம்பளிகளின் மேல் விழுந்து சிரித்தாள். "தோல் உரிஞ்சிருக்கு. முடி கொட்டலை. பல்லையும் பாக்கணுமா?"

"பல்லு சிரிக்கிறப்பவே தெரியுது. நல்லா இருக்கு," என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு அவசரமாக, "வேலைக்குப் போடுற கால்சட்டையோடதானே வந்திருக்கீங்க? ரம்பம் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார்.

எல்லாம் கொண்டுவந்திருந்தாள். ரம்பம், கொக்கிகள், பக்கக் கயிறு, முதலுதவிப் பை. ஹாமிஷின் முகம் மலர்ந்தது. "அதான் சரி. முக்கால்வாசிப் பேரு மெல்லிசுக் கால்சட்டையில வந்து, வெறும் ஹார்னஸை மாட்டி, கண்ணாடி முன்னால நின்னு பாத்துட்டு வாங்கிட்டுப் போறாங்க. நிக்கிற குதிரை மேல எல்லாச் சேணமும் பொருந்தும். ஓடுறப்பதான் தெரியும்."

முதலில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று. கையில் எடுத்தால் காற்று மாதிரி இருந்தது. மாட்டிக்கொண்டு நின்றபோது மார்னிக்கே தன்மேல் ஆசை வந்தது. கயிற்றில் தொங்கினாள். "ஐயோ!" என்று அலறியது தெருவில் கேட்டிருக்கும். எடை குறைக்க வேண்டுமென்று பட்டையைக் கயிறு மாதிரி ஆக்கிவைத்திருந்தார்கள்.

அடுத்தது மெத்தை வைத்தது. சோபாவைக் கட்டிக்கொண்ட மாதிரி சுகம். கொஞ்ச நேரத்தில் முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. கையை முன்னால் நீட்டினால் மெத்தை வயிற்றில் இடித்தது. "குளிருக்கு நல்லா இருக்கும். ஜூலை மாசம் மட்டும் மரம் ஏறிக்கலாம்," என்றாள். எங்கள் பக்கம் ஜூலைதான் நடுக்குளிர். அதற்கடுத்தது உட்காரப் பலகை வைத்தது. தொங்கும்போது ராணி மாதிரி இருந்தாள். இறங்கி நடந்தபோது பலகை பின்னால் தட்டித் தட்டி அவளைத் துரத்தியது.

ஹாமிஷ் யோசித்தார். பிறகு உள்ளறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்தார். "இது நிறத்துக்காகவே யாரும் தொடுறதில்லை. உங்க இடுப்பைப் பாத்தா..." நிறுத்திக்கொண்டார். "அதாவது, இதோட பட்டை நேரா இல்லை. வளைச்சு வெட்டியிருக்காங்க. இடுப்பெலும்பு மேல ஏறாம அதைச் சுத்தி உக்காரும். தொடைப் பட்டை ரெண்டையும் தனித்தனியாத் தூக்கலாம், இறக்கலாம்."

"கொஞ்சம் எனக்குன்னு தச்சுக் குடுக்கக் கூடாதா? ஊசி நூலெல்லாம் வெச்சிருக்கீங்களே."

"சேணம்னா தைப்பேன். இதுல ஒரு தையல்கூட நான் தொடக் கூடாது. உசுரு தொங்குறது. இழுத்து முடுக்குறது மட்டும்தான் நம்ம வேலை."

இழுத்தார், முடுக்கினார், தளர்த்தினார், எட்டிப்போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், மறுபடி வந்து முடுக்கினார். மார்னி தொங்கினாள். ஒன்றும் கடிக்கவில்லை. கொஞ்சம் ஆடிப் பார்த்தாள். அப்போதும் ஒன்றும் கடிக்கவில்லை.

"நல்லாருக்கு! எறங்கட்டுமா?"

"எறங்காதீங்க. இப்ப எல்லாமே நல்லாத்தான் இருக்கும். கால் மரத்துப்போறதா இல்லையான்னு தெரியணும்னா ஒரு மணி நேரம் தொங்கணும்."

"ஒரு மணி நேரமா! தொங்கிக்கிட்டு என்ன பண்றது?"

"மரத்துல என்ன பண்ணுவீங்க?"

"வேலை செய்வேன்."

"அப்ப வேலை செய்ங்க."

கடை வாசல் மணி அடித்தது. உள்ளே வந்தது மிசஸ் குவிக். கையில் பிடித்திருந்த நாய்க்குக் கழுத்துப்பட்டை வாங்க வந்தவள், வாசலில் லாரியைப் பார்த்துவிட்டு, வந்த காரியத்தை மறந்து, நாயையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏண்டி, இங்கயா இருக்க? நான் உன்னை ஊரெல்லாம் தேடுறேன். சனிக்கிழமை என் தங்கச்சி மகனுக்குக் கல்யாணம். என் தலையைப் பாரு, கொண்டைக்கிளி கூடு கட்டின மாதிரி இருக்கு."

"நான் தொங்கிக்கிட்டு இருக்கேன், மிசஸ் குவிக்."

"தொங்கு, யாரு வேணாம்னது? கை சும்மாதானே இருக்கு?"

மார்னி ஹாமிஷைப் பார்த்தாள். ஹாமிஷ் மார்னியைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அவர் லாரிக்கு ஓடினார், கத்தரிக்கோலுக்கு.

சேணம் மாட்டிவைக்கும் மரக்குதிரை ஒன்று உண்டு. அதன் மேல் மிசஸ் குவிக் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்தாள், கழுத்தில் குதிரைக் கம்பளி. மார்னி கால்விரலால் தரையை உந்தி இந்தப் பக்கம் மிதந்து போனாள், சுவரை உந்தி அந்தப் பக்கம் மிதந்து வந்தாள். முன்முடியை வெட்ட முன்னால் குனிந்தாள், பிடரியை வெட்டப் பின்னால் சாய்ந்தாள், ஒருமுறை தலைக்கு மேலேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நாய் அவளைத் துரத்திச் சுற்றிச் சுற்றி ஓடியது. கடிவாளம் வாங்க வந்த தம்பதி வந்த வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். எதிர்க்கடை ரொட்டிக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்து, என்ன விசேஷமோ என்று ஒரு தட்டு சாசேஜ் ரோலோடு வந்துவிட்டார். கடிவாளத் தம்பதியின் கணவர் தன் தலையையும் தடவிப் பார்த்துக்கொண்டு, "அடுத்து நான் உக்காரலாமா?" என்றார்.

"வரிசையில வாங்க! இவருதான் அடுத்து," என்றாள் மார்னி, கத்தரியால் ஹாமிஷைக் காட்டி.

"நானா? எனக்கு வேணாங்க."

"உள்ள வந்ததுல இருந்து என் விரலு அரிக்குது. உக்காருங்க."

உட்கார்ந்தார். உயரமானவர். மார்னி கயிற்றில் தன்னை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டாள். முடி கொத்துக் கொத்தாக விழுந்தது.

"நீங்க மரம் ஏறியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"ஏணியில மூணாவது படிக்கு மேல போனதில்லை. தலை சுத்தும்."

"ஏறாதவரா ஏறுறவங்களுக்கு விக்கிறீங்க?"

"நான் குதிரையா இருந்துக்கிட்டா சேணம் தைக்கிறேன்?"

அவள் சிரித்த சிரிப்பில் ஒரு கொத்து கூடுதலாகப் போய்விட்டது. அதைச் சரிக்கட்ட மறுபக்கமும் எடுத்தாள். அப்போதுதான் அவர் காதுகள் வெளியே வந்தன. நல்ல காதுகள். இதைப் போய் இத்தனை நாள் மூடிவைத்திருந்தாரே என்று மார்னிக்கு ஏனோ படபடவென்று வந்தது.

அந்த நேரம் பார்த்து கிளைவ் போனில் கத்தினார். "ஹார்னஸ் வாங்கப் போனியா, நெய்யப் போனியா? பொழுது சாயப்போகுது! சாயங்காலத்துக்குள்ள காலிஸ்டா ஊர்த் தேநீர்க்கடை மரத்தைப் போய்ப் பாத்து விலை சொல்லணும்!"

மார்னி கடிகாரத்தைப் பார்த்தாள். ஐயையோ என்றாள். கயிற்றைக் கழற்றினாள், ஒரு சாசேஜ் ரோலை வாயில் கவ்வினாள், மிசஸ் குவிக்கின் கன்னத்தில் தட்டினாள், ஓடினாள். லாரி புழுதி கிளப்பிக்கொண்டு மலைச் சாலையில் ஏறியது. ஹாமிஷ் கண்ணாடியில் தன் காதுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் பொறுத்துத்தான் உத்திரத்துக் கயிற்றைப் பார்த்தார். அதில் ஒன்றும் தொங்கவில்லை. மேசையைப் பார்த்தார். ஆரஞ்சு இருந்தது, மெத்தை இருந்தது, பலகை இருந்தது.

சில்வன் பக்கம் வரும்போது மார்னி பின்கண்ணாடியில் ஒரு வேன் விளக்கை அடித்து அடித்து வருவதைக் கவனித்தாள். ஓட்டுகிறவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வீசினார். அட, சேணக்காரர்! முடி வெட்டினது அவ்வளவு பிடித்துப் போய்விட்டதா? அவளும் கையை நீட்டி வீசினாள். அவர் ஹாரன் அடித்தார். அவளும் ஹாரன் அடித்தாள். டூலிப் தொட்டிகள் ஏற்றிய டிராக்டர் ஒன்று நடுவில் புகுந்து ஆடி ஆடிப் போனது. அதை ஓட்டினவன் யாருக்கோ கல்யாண ஊர்வலம் போலிருக்கிறது என்று நினைத்துத் தானும் ஹாரன் அடித்தான். மூன்று வண்டிகளும் கூச்சல் போட்டுக்கொண்டே மொன்பல்க்குக்குள் நுழைந்தன. மார்னி ஸ்டியரிங்கில் தாளம் போட்டாள். எதற்கு இத்தனை சந்தோஷம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ரொட்டி வாங்க இறங்கினாள். ரொட்டிக் கடைப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன மார்னி, இன்னிக்கு ஒரு மாதிரி மினுக்குற?"

"மினுக்குறேனா? இருக்கும் இருக்கும்."

கதவைத் தள்ளிக்கொண்டு ஹாமிஷ் வந்தார், மூச்சு வாங்க, கழுத்திலிருந்த குதிரைக் கம்பளியை எடுக்கக்கூட மறந்து. "அதை... அதை எடுத்துட்டு வந்துட்டீங்க."

"எதை?"

அவர் விரலை நீட்டினார். மார்னி குனிந்து பார்த்தாள். அழுக்குத் தண்ணீர் நிறத்தில் இடுப்புப் பட்டை, தொடைப் பட்டைகள், வளையங்கள், கொக்கிகள், பக்கத்தில் ரம்பம். எல்லாம் அவள் மேலேயே இருந்தன. அதோடுதான் லாரி ஓட்டினாள். அதோடுதான் மலை ஏறினாள்.

"போட்டிருக்கிறதே தெரியலையே!" என்றாள். பிறகு சத்தமாக, "போட்டிருக்கிறதே தெரியலைய்யா!" என்றாள். கடைக்குள் இருந்த எல்லோரையும் பார்த்து அதையே திருப்பிச் சொன்னாள். "உக்காந்து வந்திருக்கேன்! ஒண்ணும் கடிக்கலை! ஒண்ணும் குத்தலை! இதான்! இதேதான்!" ஹாமிஷின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். உலுக்கினதில் கம்பளி விழுந்தது, அதிலிருந்த மயிரெல்லாம் ரொட்டிக் கடைத் தரையில் கொட்டியது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். அவள் சிரித்தாள். இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட முடியாமல் சிரித்ததில், ரொட்டிக் கடைப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"கிளைவ்கிட்ட கணக்கை அனுப்பிடு. வியாழக்கிழமை காலிஸ்டாவுல மரம்," என்றாள் மார்னி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ சொன்னேல்ல, ஓடுறப்பதான் தெரியும்னு? வந்து பாரு."

வியாழக்கிழமை ஹாமிஷ் கடையை மூடிவிட்டு வந்தார். சேணக்கடை வேலைநாளில் மூடியிருந்தது அப்பா செத்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் என்று பிற்பாடு சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று வேன் நிறைய ஹார்னஸ்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

காலிஸ்டாவில் தேநீர்க்கடைக்குப் பின்னால் அந்த மரம், வெள்ளை வெளேரென்று மேகம் வரைக்கும் ஏறிப் போயிருந்தது. காய்ந்த கிளை ஒன்று கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மார்னி ஏறினாள். ஏறினாள் என்பது போதாது. பெரிய கவையைத் தாண்டியதும் காலை உதறினாள். கால் அவளுடையதாகவே இருந்தது. விலா மூச்சு விட்டது. கிளை நுனி வரைக்கும் நடந்தாள், திரும்பிப் பார்க்காமல் காற்றில் சாய்ந்தாள், கயிறு அவளை வாங்கிக்கொண்டு அடுத்த கிளையில் கொண்டுபோய் வைத்தது. வேலை தீர்ந்த இடத்திலும் வேலை இருக்கிற மாதிரி இன்னொரு முறை ஊஞ்சலாடிப் போனாள். கீழே நின்ற கிளைவ் தொண்டை கிழியக் கத்தினார்.

"வேலையைப் பாருடி! சர்க்கஸா காட்டுற?"

"நாற்காலிங்க! நாற்காலியேதான்!" என்று மேலிருந்து பதில் வந்தது.

ஹாமிஷ் கழுத்து நோக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் அவள் இறங்கி வந்ததும், "வலது பக்கம் கொஞ்சம் இழுக்குதா?" என்று கேட்டார்.

"கொஞ்சூண்டு. எப்படித் தெரிஞ்சுது?"

"சாயுற. ரம்பம் தொங்குற பக்கம் பின்னால பட்டை முறுக்கிக்கிச்சு." அவள் முதுகுப் பக்கம் போய்ப் பிரித்து, நேராக்கி, முடுக்கிவிட்டார். "இனிமே சரியா இருக்கும். இருக்கணும்."

"இருக்கணுமா? மேல போனப்புறம் மறுபடி முறுக்கிக்கிட்டா? என் முதுகை நானா பாக்க முடியும்? நீ வா."

"எங்க?"

அவள் விரலை மேலே காட்டினாள்.

ஹாமிஷ் ஓரடி பின்னால் வைத்தார். வாயைத் திறந்தார். அதற்குள் கிளைவ் வேனிலிருந்து மெத்தை ஹார்னஸை எடுத்து வந்துவிட்டார். "போய்யா. அவ சொல்லிட்டா அப்புறம் தப்பிக்க முடியாது. நானே எத்தனையோ முயற்சி பண்ணிப் பாத்தாச்சு." தேநீர்க்கடை ஆட்கள் இருவரும் கிளைவும் கயிற்றைப் பிடித்தார்கள். கப்பி கிறீச்சிட்டது. ஹாமிஷ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சேணத்தின் பாகங்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டே மேலே போனார். கீழே நின்றவர்களுக்கு அது ஜெபம் மாதிரி கேட்டது.

பெரிய கவையில் மார்னி அவரைப் பிடித்து உட்காரவைத்தாள். பக்கக் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டு மாட்டினாள், இழுத்துப் பார்த்தாள், இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தாள்.

"கண்ணைத் தொற."

"மாட்டேன்."

"என் பட்டையைப் பாக்க வந்தியா, தூங்க வந்தியா?"

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். பட்டையைப் பார்த்தார். "நேரா இருக்கு," என்றார் தொழில்காரக் குரலில். பிறகு மற்றக் கண்ணையும் திறந்தார். பட்டைக்கு அந்தப் பக்கம் சரிவு முழுக்கப் பெரணி மரங்கள் குடை விரித்துக் கிடந்தன. அதற்கப்பால் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட பூந்தோட்டங்கள், ஏரி ஒரு சில்லுக் கண்ணாடி மாதிரி. மரம் மெல்ல ஆடியது. அவரும் அதோடு ஆடினார்.

அவர் இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மார்னிக்குப் பயம் வந்துவிட்டது. "ஹாமிஷ்? தலை சுத்துதா?"

"சுத்துது," என்றார். அவர் தொண்டையிலிருந்து என்னவோ கிளம்பியது. அழுகை என்று நினைத்தாள். சிரிப்பு. "நல்லா சுத்துது! மரமும் சேந்து சுத்துது! மேல காத்து வேற மாதிரி இருக்குன்னு என்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?" அவர் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து மரத்தில் ஒரு குக்கபராப் பறவை, மனுஷர் சிரிக்கிற மாதிரியே கூவுகிறது அது, பதில் சிரிப்புச் சிரித்தது. அது தொடங்கியதும் இன்னொன்று, அப்புறம் மலைச் சரிவெல்லாம். மார்னி அவர் முழங்காலில் அடித்து அடித்துச் சிரித்தாள். "இன்னும் மேல போலாமா?" என்று கேட்டார், ஏணியில் மூன்றாவது படி தாண்டாதவர்.

போனார்கள். அடுத்த வசந்தத்தில் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டதையும், மிசஸ் குவிக் தன்னால்தான் அது நடந்தது என்று இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதையும், ஹாமிஷ் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவதொரு மரத்தின் நடுவில் அகப்படுவதையும் எங்கள் மலையில் எல்லோரும் அறிவார்கள். மார்னி இப்போது சாயங்காலங்களில் வாத்து மாதிரி நடப்பதில்லை. அவ்வளவு நெட்டுக்குத்தாக நடக்கிறாள், சில பேருக்கு அதுவும் பொறுக்கவில்லை.

அன்றைக்கு ஆனது இவ்வளவுதான். வெயில் இறங்கத் தொடங்கியும் அவர்கள் இறங்கவில்லை. கயிற்றைப் பிடித்துப் பிடித்துக் கை கடுத்துப்போன கிளைவ் மரத்தடியில் நின்று கூப்பிட்டார்.

"யோவ் சேணக்காரரே! வேலை முடிஞ்சாச்சு! கீழ வர்றீரா இல்லையா?"

"வர மாட்டேன்!" என்றது மேலிருந்து ஒரு குரல்.

"மார்னி, அந்தாளை இறக்கு!"

"நானும் வரலை!"

கிளைவ் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தேநீர்க்கடைப் பக்கம் திரும்பி, ஜாமும் க்ரீமும் வைத்து நாலு ஸ்கோனும் ஒரு பிளாஸ்க் டீயும் கேட்டார். எல்லாவற்றையும் வாளியில் வைத்து, கயிற்றில் கட்டி, "சக்கரை போட்டிருக்கு, கலக்கிக் குடிங்க!" என்று கத்திவிட்டு, மெதுவாக மேலே இழுத்தார்.